வல்லரசை வீழ்த்த ஒரு விமானம்

ஒரே ஒரு போர் விமானத்தை வைத்து ஒரு வல்லரசை வீழ்த்துவது என்று முடிவு செய்தேன்.

பயப்படாதீர்கள். வல்லரசு என்றால் அமெரிக்கா இல்லை. ரஷ்யாவும் இல்லை. எர்ணாவூரில் இருக்கும் என் மச்சான். பெயரே வல்லரசு. என் மனைவி கார்குழலியின் கூடப் பிறந்த தம்பி. போர் விமானமும் என் உள்ளங்கை அகலம்தான். பிளாஸ்டிக்.

நான் ஜெயவேல். ராயபுரம். துறைமுகத்தில் கிரேன் ஆபரேட்டர். பகலெல்லாம் கன்டெய்னரைத் தூக்கிக் கன்டெய்னர் மேல் வைப்பேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, கொத்தமல்லி விதை அளவுக்கு ஒரு சக்கரத்தை இடுக்கியால் பிடித்து விமானத்தில் ஒட்டுவேன். கன்டெய்னர் ஒரு நாளும் கை தவறியதில்லை. சக்கரம் அப்படியில்லை. எங்கள் வீட்டுப் பக்கம் வந்தால், கட்டிலுக்கு அடியில் இருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருக்கும். அது நான்தான். சக்கரம் தேடுகிறேன்.

கடையில் பெட்டி பெட்டியாக விற்பார்கள். கிட் என்று பெயர். உள்ளே விமானம் இருக்காது. விமானத்தின் உறுப்புகள் இருக்கும். வெட்டி, தேய்த்து, ஒட்டி, பெயிண்ட் அடித்து நாமே விமானமாக்க வேண்டும். இதைச் சாதாரண ஆட்கள் செய்வார்கள். என்னைப் போன்ற மேதைகள் ஒரு கிட்டோடு நிற்க மாட்டோம். ஒரு கம்பெனி கிட்டில் உடம்பு அம்சமாக இருக்கும், இறக்கை ஊத்தப்பம் மாதிரி இருக்கும். இன்னொரு கம்பெனியில் இறக்கை பிரமாதமாக இருக்கும், உடம்பு பூசணிக்காய். இரண்டையும் வாங்க வேண்டும். நல்லதோடு நல்லதைச் சேர்க்க வேண்டும். அதுதான் கலை.

கார்குழலிக்கு இந்தக் கலை புரியவில்லை.

"யோவ், ஒரு பிளேனுக்கு எதுக்குயா ரெண்டு டப்பா?"

"அது உடம்புக்கு. இது ரெக்கைக்கு."

"அப்ப அதோட ரெக்க?"

"வேஸ்ட்டு."

"இதோட உடம்பு?"

"அதுவும் வேஸ்ட்டு."

"அப்ப நீ வாங்கினது ரெண்டு பிளேனு. கட்றது ஒரு பிளேனு. வேஸ்ட்டு ஒரு பிளேனு. கரீட்டா?"

"இது மிக்கு. மிக் இருபத்தொண்ணு. எப்பேர்ப்பட்ட பிளேனு தெரியுமா?"

"ரெண்டு டப்பாவையும் கொட்டிக் கலந்தா அது மிக்கு இல்லயா. மிக்சரு."

அவள் திருவொற்றியூரில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலையில் இருக்கிறாள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, சரியில்லை என்றால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவாள். வீட்டிலும் அதே பார்வைதான். கல்யாண மண்டபத்தில் கரண்ட் போன நேரத்தில்தான் நான் பாஸ் ஆனேன் என்று இன்றைக்கும் சொல்லுவாள்.

சரி, வல்லரசு விஷயத்துக்கு வருகிறேன். அவனும் விமானம் ஒட்டுகிறவன். அவனுக்கு இந்தப் பைத்தியம் பிடிக்க வைத்ததே நான்தான். போன வருஷம் எர்ணாவூரில் புது வீட்டுக்குக் குடி போனான். பால் காய்ச்சும் அன்றைக்கு, என் கையால் ஒட்டிய ஜாகுவார் விமானம் ஒன்றைப் பரிசாகக் கொண்டு போனேன். வாங்கினான். பார்த்தான். சொந்தக்காரர்கள் எல்லோர் எதிரிலும், "மாமா, மூக்கு கோணலா கீது" என்றான்.

"உன் மூக்கு மட்டும் ஸ்கேல் வெச்சு வரைஞ்சிருக்குதா?" என்றேன் நான்.

சின்ன வயதில் கிரிக்கெட் பந்து பட்டதில் அவன் மூக்கு லேசாக எண்ணூர் பக்கம் திரும்பியிருக்கும். ஆக, அவன் சொன்னதும் உண்மை. நான் சொன்னதும் உண்மை. அதனால்தான் சண்டை பெரிதாகிவிட்டது. இரண்டில் ஒன்று பொய்யாக இருந்திருந்தால் சிரித்துவிட்டுப் பாயசம் குடித்திருப்போம்.

அன்றிலிருந்து எனக்கும் அவனுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. சொல்லப் போனால் ஒட்டு நிறைய இருக்கிறது. என் வீட்டில் டியூப் டியூபாக, அவன் வீட்டில் டப்பா டப்பாவாக. உறவுதான் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் கார்குழலி தனியாக பஸ் ஏறி எர்ணாவூர் போவாள். தனியாகத் திரும்பி வருவாள்.

"அவன் உன்ன கேட்டான்."

"இன்னா கேட்டான்?"

"நல்லாகீறியான்னு கேட்டான்."

"என் பிளேன் மூக்கு நல்லாகீதான்னு கேட்டானா?"

தூக்குச்சட்டியை மேடையில் வைக்கிற சத்தம் மட்டும் வரும். அந்தச் சத்தத்துக்கு அர்த்தம் கண்டுபிடிக்க நான் மெனக்கெடவில்லை. எனக்கு வேறு வேலை இருந்தது. டோல்கேட் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் வருஷா வருஷம் விமான மாடல் போட்டி நடக்கும். இந்த வருஷம் வல்லரசும் மிக் இருபத்தொன்றுதான் கொண்டு வருகிறானாம். விமானப்படையே அந்த விமானத்துக்கு ஓய்வு கொடுத்துவிட்டது. நாங்கள் கொடுப்பதாக இல்லை. ஒரே விமானம், ஒரே மேஜை. முகத்துக்கு முகம். வல்லரசை அங்கே வைத்து வீழ்த்துவது என்று முடிவு.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, கண்ணாடி வரைக்கும்.

பைலட் உட்காருகிற இடத்துக்கு மேலே ஒரு கண்ணாடி மூடி வரும். கேனபி என்பார்கள். அதைப் பொறுமையாக, வெள்ளைப் பசை வைத்து ஒட்ட வேண்டும். நான் அவசரத்தில் செருப்பு ஒட்டுகிற பசையை வைத்தேன். அந்தப் பசை காயும்போது புகை விடும். கண்ணாடி பால் மாதிரி வெளுத்துவிடும். பைலட்டுக்குக் கண்ணில் புரை விழுந்த மாதிரி ஆகிவிட்டது.

பரவாயில்லை. அந்தக் கிட்டில் இரண்டு கண்ணாடி கொடுப்பார்கள். ஒன்று மூடியிருக்கிற மாதிரி வைக்க, ஒன்று திறந்திருக்கிற மாதிரி வைக்க. முதல் கண்ணாடி எப்படி வெளுத்தது என்று தெரிந்துகொள்ள, இரண்டாவதில் அதே பசையை வைத்துப் பார்த்தேன். அப்படித்தான் வெளுத்திருக்கிறது.

மற்ற கம்பெனி கிட்டின் கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். அண்ணன் ஹெல்மெட்டைத் தம்பி மாட்டின மாதிரி ஆடியது.

"கார்குழலி! கேனபி போச்சு!"

"எந்தக் கேனப்பய?" என்றாள் உள்ளே இருந்து.

"பய இல்ல. கேனபி! கேனபி!"

"எவன் போனா உனக்கின்னா? நீ தான் வூட்லயே குந்திகினு கீறியே."

வந்து பார்த்தாள். வெளுத்த கண்ணாடியை விளக்குக்கு நேராகப் பிடித்தாள். சிவப்பு ஸ்டிக்கர் கையில் இல்லாததுதான் குறை. ஆனால் திட்டவில்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

"இதே மாரி வெளுக்காம ஒண்ணு கெடச்சா போதுமா?"

"போதுமாவா? ஊர் ஊரா கேட்டுப் பாத்துட்டேன். தனியா கண்ணாடி மட்டும் எவனும் விக்க மாட்டான்."

"டோல்கேட்ல ஒரு டீலரு கீறாராம். எங்க கம்பெனில பேசிகினு இருந்தாங்க. மிச்சம் மீதி பார்ட்டுங்கள்லாம் வெச்சிருக்காராம்."

"டோல்கேட்லயா? எனக்குத் தெரியாம டோல்கேட்ல ஒரு டீலரா? பேரு இன்னா?"

"பேரெல்லாம் சொல்ல மாட்டாரு. பொம்பளைங்க போனா தான் பேசுவாராம்."

"அது இன்னா பயக்கம்?"

"ஆம்பளைங்க வந்தா மூக்கு கோணலு, வாலு கோணலுன்னு பேஜாரு பண்றாங்களாம்."

நியாயமாகத்தான் பட்டது.

அடுத்த ஞாயிறு அவள் எர்ணாவூர் போய்விட்டு வரும்போது, டோல்கேட்டில் இறங்கி டீலரைப் பார்த்துவிட்டு வந்ததாகச் சொன்னாள். கண்ணாடி இருக்கிறதாம். துட்டு வேண்டாமாம். பண்டமாற்று. நான் வேஸ்ட் என்று ஒதுக்கி வைத்திருக்கும் அந்த ஊத்தப்ப இறக்கை ஜோடி வேண்டுமாம்.

எனக்கு உள்ளுக்குள் சிரிப்புத் தாங்கவில்லை. குப்பைக்குப் போகிற இறக்கைக்கு வைரம் மாதிரி கண்ணாடி! ஆனால் வியாபாரம் என்றால் முகத்தைக் காட்டக் கூடாது. நெஞ்சில் கை வைத்துக்கொண்டேன்.

"அந்த ரெக்கையா? ஐயோ! அது பொக்கிஷமாச்சே!"

"நீ தானே வேஸ்ட்டுன்னே?"

"உங்கிட்ட சொன்னேன். டீலருகிட்ட பொக்கிஷம்னு சொல்லு."

"சொல்றேன். எனக்கு கமிஷன்?"

"உனக்கா?"

"காலைல தண்ணி லாரி வந்தா இனிமே நீ தான் கொடம் தூக்கணும். கன்டெய்னர் தூக்கறவனுக்குக் கொடம் ஒரு மேட்டரா?"

ஒத்துக்கொண்டேன். கீழே இறங்கி, வரிசையில் நின்று, குடத்தை மாடிக்குத் தூக்கும்போதுதான் தெரிந்தது, துறைமுகத்தில் கன்டெய்னரைத் தூக்குவது நான் இல்லை, கிரேன் என்பது. ஆனால் கண்ணாடி வந்துவிட்டது. டிஷ்யூ காகிதத்தில் சுற்றி, அச்சு அசலாக அதே கண்ணாடி. ஒட்டிப் பார்த்தேன். கச்சிதம்! டீலர் நல்ல மனுஷன்.

அதற்கப்புறம் டீலர் பேராசைக்காரரானார். நான் மூலையில் போட்டிருந்த சக்கரங்கள் வேண்டும் என்றார். கொடுத்தேன். பதிலுக்கு மூக்கு நுனியில் வைக்கிற ஊசி வந்தது. கூடவே கமிஷனும் ஏறியது. அடுப்பங்கரை எக்ஸாஸ்ட் பேனைக் கழற்றிக் கழுவினேன். பரணில் இருந்த பழைய அட்டைப்பெட்டிகளை எல்லாம் இறக்கி ஒழித்தேன். எனக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. சந்தேகம் வருவதற்கு மூளை கொஞ்சமாவது சும்மா இருக்க வேண்டும். என்னுடைய மூளை பரிசு வாங்கிய பிறகு பேச வேண்டிய உரையைத் தயாரித்துக்கொண்டிருந்தது. அதில் வல்லரசை மன்னிப்பதாக ஒரு வரி கூட வைத்திருந்தேன்.

போட்டி நாள் வந்தது. சலவைச் சட்டை போட்டுக்கொண்டேன். விமானத்தைப் பஞ்சு வைத்த டப்பாவில் வைத்து, மடியில் கட்டிக்கொண்டு ஆட்டோவில் போனேன். வழியில் டிரெய்லர் லாரிகள் வரிசையாக நின்றன. டிரைவர் ஹாரன் அடித்தபோதெல்லாம் டப்பாவுக்குக் காதைப் பொத்தினேன்.

மண்டபத்தில் மிக் விமானங்களுக்கெல்லாம் ஒரே மேஜை. நான் என்னுடையதை வைத்தேன். பக்கத்தில் வல்லரசு. நாங்கள் இரண்டு பேரும் மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒருவரையொருவர் பார்க்காமல் இருக்க வேறு வழியில்லை. பிளாஸ்டிக் நாற்காலி வரிசையில் கார்குழலியும், வல்லரசின் மனைவி வேம்புவும் சமோசா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

என்னைப் பார்க்காவிட்டால் என்ன, அவன் விமானத்தைப் பார்க்கலாம் அல்லவா? ஓரக்கண்ணால் பார்த்தேன். இறக்கை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. குனிந்து பார்த்தேன். இடது இறக்கை ஓரத்தில், பெயிண்டுக்கு அடியில், ஒரு கட்டைவிரல் ரேகை. பசை காய்ந்துவிட்டதா என்று பார்க்க நான் எப்போதும் வேஸ்ட் இறக்கையில்தான் அழுத்திப் பார்ப்பேன். ஆதார் மிஷினில் பத்துத் தடவை வைத்தாலும் விழாத ரேகை, அங்கே கல்வெட்டு மாதிரி இருந்தது.

"டேய்! இது என் ரெக்கடா!"

ஒரு வருஷம் கழித்து என் மச்சானிடம் நான் பேசிய முதல் வார்த்தை.

"உன் ரெக்கயா? மொதல்ல உன் பிளேனப் பாரு மாமா, அது என் கண்ணாடி!"

"உன் கண்ணாடின்னு பேரு எழுதிருக்குதா?"

"ஓரத்துல நகவெட்டி பட்ட தழும்பு கீது பாரு. நான் வெட்டுனது!"

பார்த்தேன். இருந்தது. அதைத்தான் நான், எதிரியின் குண்டு உரசிப் போன அடையாளம் என்று காலையிலிருந்து எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தேன்.

"திருடன்!" என்றேன்.

"திருடன்!" என்றான்.

கூட்டம் சேர்ந்துவிட்டது. நடுவர் தஸ்னீம் மேடம் வந்தார். மீனம்பாக்கத்தில் நிஜ விமானங்களைப் பழுது பார்க்கிறவர். கையில் சின்ன டார்ச். என் விமானத்தில் அடித்தார், அவன் விமானத்தில் அடித்தார், கடைசியில் எங்கள் முகத்தில் அடித்தார்.

"வேற கிட்ல இருந்து பார்ட் எடுக்கறது தப்பில்ல சார். எங்கேர்ந்து எடுத்தீங்கன்னு சொல்லுங்க போதும். இந்தக் கண்ணாடி?"

"டீலர்கிட்ட இருந்து மேடம்."

"உங்களுக்கு இந்த இறக்கை?"

"டீலர் தான் மேடம்" என்றான் வல்லரசு.

"யார் அந்த டீலர்?"

"நான் நேர்ல பாத்ததில்ல. என் சம்சாரம் தான் போயி..."

"நானும் பாத்ததில்ல. எங்கக்கா தான் போயி..."

இரண்டு பேர் பேச்சும் ஒரே வார்த்தையில் நின்றது. மெல்லத் திரும்பினோம். எங்கள் இரண்டு ஆள்காட்டி விரலும் ஒரே நாற்காலியை நோக்கி நீண்டன.

கார்குழலி எழுந்திருக்கக் கூட இல்லை. வாயில் இருந்த சமோசாவை நிதானமாக மென்று முழுங்கினாள்.

"இன்னா மொறைக்கிறீங்க? ரெண்டு பேர் சரக்கும் டெலிவரி ஆயிடுச்சு. ரெண்டு பிளேனும் முழுசா நிக்குது. நான் இல்லாட்டி ரெண்டும் ரிஜெக்ட்டு."

"அக்கா! அந்த ரெக்கைக்காக நான் வூட்ல எல்லார் துணியும் இஸ்திரி போட்டுகினு கீறேன்!" என்று கத்தினான் வல்லரசு. "என்து ஒடைஞ்சு போச்சுன்னு அயுதப்ப, டோல்கேட்ல டீலரு கீறாருன்னு சொன்னியே!"

"எங்கிட்டயும் தான் சொன்னா! நான் கொடம் தூக்கிகினு கீறேன்!" என்றேன்.

"கொடமா?" என்று என்னைத் திரும்பிப் பார்த்தான். "மாடிக்கா மாமா?"

"மாடிக்கு."

அவன் முகத்தில் உண்மையான வருத்தம் தெரிந்தது. எனக்கும் அவன் இஸ்திரிப் பெட்டியோடு நிற்பதை நினைத்ததும் என்னவோ போல ஆகிவிட்டது. இறக்கையைத்தான் கொடுத்தேன் என்று நினைத்தேன், இரக்கமும் கூடவே போய்விட்டது.

மண்டபமே சிரித்தது. கார்குழலி மட்டும் சிரிக்கவில்லை. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தாள்.

"ஒரு வருசம் கயிச்சு இப்ப தான் பேசறீங்க. சண்ட தான் போடறீங்க. பரவால்ல. போடுங்க."

குரல் லேசாக உடைந்த மாதிரி இருந்தது. வல்லரசு மறுபடியும் மின்விசிறியைப் பார்த்தான்.

முதல் பரிசு எங்களுக்கு இல்லை. மாயா என்று ஒரு கல்லூரிப் பெண், ஒரே கிட்டை, உள்ளே இருந்த செய்முறைக் காகிதத்தைப் படித்து, அதில் சொன்னபடியே ஒட்டியிருந்தாள். அவளுக்குத்தான். அந்தக் காகிதத்தைப் படிக்க வேண்டும் என்பதே எனக்கும் வல்லரசுக்கும் புதுச் செய்தி. ஆனால் தஸ்னீம் மேடம் எங்கள் இரண்டு விமானத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "இதுல எது யாரோடதுன்னு பிரிக்கவே முடியல. ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு சிறப்புப் பரிசு" என்று அறிவித்தார்.

பரிசு, ஒரு பெரிய சுகோய் கிட். பெட்டியே தலையணை நீளம். இருந்தது ஒரே பெட்டி.

"மாமா, நான் எடுத்துக்கினு போறேன்."

"ஜகா வாங்கு. பெரியவன் நான் தான்."

பெட்டியின் ஒரு முனை என் கையில், மறுமுனை அவன் கையில். நடுவில் கார்குழலி வந்தாள். பெட்டியை வாங்கினாள், பிரித்தாள். உடம்பு இருக்கிற பிளாஸ்டிக் சட்டங்களை என்னிடம் கொடுத்தாள். இறக்கை இருக்கிறதை அவனிடம் கொடுத்தாள்.

"ஞாயித்துக்கெயம ஞாயித்துக்கெயம ரெண்டு பேரும் ஒண்ணா குந்தி ஒயுங்கா ஒட்டுங்க. யார் வூட்லன்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க."

இங்கேதான் நான் விட்டுக்கொடுக்கவில்லை. குடும்பத் தலைவன் என்று ஒருவன் இருக்கிறான் அல்லவா?

"என் வூட்ல தான்!" என்றேன். மண்டபம் அதிர்ந்திருக்கும். "அவன் தான் வரணும். நான் போக மாட்டேன்!"

கார்குழலி தலையைக் குனிந்துகொண்டாள். "சரி, உன் இஷ்டம்" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. வேம்பு பக்கம் திரும்பி ஏதோ கண்ணைக் காட்டினாள். தோல்வியில் வருகிற கண் ஜாடை என்று எடுத்துக்கொண்டேன்.

ஞாயிறு வந்தது. வல்லரசு வேம்புவோடு வந்தான். இறக்கையைத் துண்டில் சுற்றி, கைக்குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு வாசலிலேயே நின்றான்.

"உள்ள வா மச்சான்."

வந்து உட்கார்ந்தான். துண்டைப் பிரித்து இறக்கையை வெளியே எடுத்தான்.

"மாமா, அன்னிக்கு அந்த ஜாகுவாரு... மூக்க நான் அப்டி சொல்லிருக்கக் கூடாது."

"கோணல் தான்டா அது. எனக்கே தெரியும்."

"லைட்டா தான் கோணலு."

"உன்துகூட லைட்டா தான்."

அவன் சிரித்தான். மூக்கு இன்னும் கொஞ்சம் எண்ணூர் பக்கம் போனது. அழகாகத்தான் இருந்தது. அதற்கப்புறம் நேரம் போனது தெரியவில்லை. உடம்பின் இரண்டு பாதியையும் சேர்த்துப் பிடித்தான், நான் பசை வைத்தேன். செருப்புப் பசையை அவன் ஜன்னல் வழியாக வெளியே வீசினான். மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வல்லரசை என் வீட்டுக்கே வரவழைத்துவிட்டேன். மன்னிப்பும் கேட்கவைத்துவிட்டேன். மொத்தத்தில் வெற்றி எனக்குத்தான்.

மல்லிப்பூ வாசனை வந்தது. நிமிர்ந்து பார்த்தேன். கார்குழலியும் வேம்புவும் பட்டுக்கரைச் சேலையில், கையில் பையோடு வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"எங்க?"

"படத்துக்கு. அப்பால பீச்சுக்கு. இனிமே ஞாயித்துக்கெயம தோறும் நீங்க ரெண்டு பேரும் வூட்டோட கீறீங்க இல்ல? நாங்க எதுக்கு வூட்டப் பூட்டிகினு குந்தணும்?"

"அப்ப சோறு?"

"சங்கரா மீனு கயுவி, வெட்டி, மஞ்சத்தூள் போட்டு வெச்சிருக்கேன். கொயம்பு வெச்சு எறக்க வேண்டியது தான் பாக்கி. நாங்க வரும்போது பசியோட வருவோம்."

கதவைச் சாத்தப் போனவள், திரும்பித் தலையை மட்டும் உள்ளே நீட்டினாள்.

"யோவ், தலை தனியா, வாலு தனியா தான் இருக்கும். ரெண்டு பேரும் சேந்து ஒட்டி கிட்டி வெச்சிடாதீங்க!"